காவிக்கு அடியில்

ஆகஸ்ட் 11, 2025 – திங்கள்

இன்று லேபில் முப்பத்தெட்டுப் பேருக்கு ரத்தம் எடுத்தேன். கடைசியாக வந்த பெரியவருக்கு நரம்பே அகப்படவில்லை. மூன்றாவது குத்தில், "ஏம்மா, கெணறு தோண்டிக்கினு இருக்கியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். சிரித்ததும் நரம்பு எழும்பிவிட்டது. பயந்தால் ஒளிந்துகொள்ளும், ஆள் இளகினால் வெளியே வரும். பதினேழு வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசலில் புதுச் செருப்பு. கல்லூரியில் பாடம் எடுக்கிற அம்மா ஒருத்தர், இடுப்பைச் சுற்றி அக்கி. பானை சட்டி செய்கிற வீட்டில் பிறந்தவள் நான். அக்கி எழுதுவது எங்கள் வழி. என் அப்பா, நைனா, இறந்த பிறகு நகரி பக்கத்து ஜனம் என்னைத் தேடித் திருப்பதிக்கே வருகிறது. செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுத வேண்டும். மூன்று நாள் காவியைக் கழுவக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, வேலை செய்யக் கூடாது. "காலைல ரத்தம் எடுக்குற, சாயங்காலம் சிங்கம் உடுற" என்று திருமலை பஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சிங்கத்தை நான் நம்புகிறேனா? நேராகச் சொல்வதானால், இல்லை. அக்கி இரண்டு மூன்று வாரத்தில் தானாக வாடுகிற வியாதி. ஆனால் எழுதிய அன்றைக்கே அவர்கள் நன்றாகத் தூங்குகிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குளிர்ந்த காவி, மெதுவாகப் போகும் இறகு, மூன்று நாள் எந்த வேலையும் இல்லை. அதுதான் மருந்து என்பது என் கட்சி. டாக்டரையும் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிறேன். முகத்தில் வந்தவர்களுக்கு எழுதுவதே இல்லை, நேரே ஆஸ்பத்திரிதான். அது நானே போட்டுக்கொண்ட சட்டம்.

ஆகஸ்ட் 14 – வியாழன்

இவர் மதியம் சாப்பிட வரவில்லை. போனும் எடுக்கவில்லை. நாலு மணிக்கு வந்தார், சட்டையில் ரத்தம். என் உயிர் போய்விட்டது. அவர் ரத்தம் இல்லை.

திருமலையிலிருந்து இறங்கும்போது முன்னால் போன கார்க்காரன் வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் நீட்டியிருக்கிறான். இவர் பிரேக் போட்டார். கார் மேல் இடிக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் சேலத்து அம்மா ஒருத்தர் மேலே இருந்த பையை எடுக்க எழுந்து நின்றிருந்தார். படிக்கட்டு வரைக்கும் உருண்டுபோய் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவரே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்.

"பத்தொம்போது வருசமா மலை வண்டி ஓட்டிக்கினு இருக்கேன் கன்னிகா. ஒரு பூனைய அடிச்சது இல்ல."

சோறு இறங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 18 – திங்கள்

டிப்போவிலிருந்து மெமோ வந்துவிட்டது. கவனக்குறைவாக ஓட்டியதாகக் குற்றச்சாட்டு. என்கொயரி முடிகிற வரைக்கும் மலை ஏறக் கூடாது, சித்தூர் வண்டி ஓட்ட வேண்டும். தாசில்தாரைப் பிடித்து டவாலிச் சேவகன் ஆக்கியதுபோல முகம். மலை லிஸ்டில் பேர் இருப்பது இவருக்கு வேலை இல்லை, அதுதான் இவரே. "பரணி யாரு? மலை டிரைவர்" – பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள், அப்போது லிஸ்டில் பேர்கூட ஏறவில்லை.

ஆகஸ்ட் 30 – சனி

மதியம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். வலது கால் மட்டும் தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது. பிரேக். பதினாறு நாளாகப் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறார். தூக்கம் இரண்டு மணி நேரம்கூட இல்லை. கதவு சாத்தினால் திடுக்கிடுகிறார்.

நேற்று பிடித்து உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். நோயைத் தடுக்கிற வெள்ளணு, லிம்போசைட், 13 சதம். இருபதுக்குக் கீழே போகக் கூடாது. ஒரு தடவை பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது, தெரியும். ஆனாலும் எங்கள் டாக்டர் ரூபா மேடத்திடம் காட்டினேன். அவர் தெலுங்கு, என்னோடு பேசும்போது மட்டும் தமிழைப் பிசைந்துகொள்வார்.

"பயத்துல இருக்கிற ஒடம்பு ஓடறதுக்கு ரெடியா நிக்குது கன்னிகா. இருக்கிற சக்தி எல்லாம் ஓட்டத்துக்குப் போயிடும். வீட்டுக் காவலை யாரு பாக்குறது? ஒரு நாள் ரெண்டு நாள்னா ஏம் காது, ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்குல போகக் கூடாது. அவரைத் தூங்க வையி."

எப்படித் தூங்க வைப்பது? அதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் 5 – வெள்ளி

என்கொயரி 22-ஆம் தேதி. பிரம்மோற்சவம் 24-இல் தொடங்குகிறது. இடையில் ஒரு நாள் இருக்கிறது, அதற்குள் மலைக்குப் போய்விடலாம் என்று விரலை மடக்கிக்கொண்டிருக்கிறார்.

செப்டம்பர் 12 – வெள்ளி

தலை சீவும்போது சீப்பைத் தூக்கி எறிந்தார். இடது பக்கம் நெற்றியில் சீப்புப் பட்டால் நெருப்பு வைத்ததுபோல இருக்கிறதாம். சித்தூர் வெயில் என்கிறார். தோலில் ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நடந்துவிடும் என்று நினைக்கிற அளவுக்கு நானும் ஆகிவிட்டேனா?

செப்டம்பர் 14 – ஞாயிறு

வந்துவிட்டது. இடது புருவத்துக்கு மேலே அக்கி தொடங்கி முடிக்குள் போகிறது, கொத்துக் கொத்தாக. சின்ன வயதில் சின்னம்மை போட்டதாக இவர் அம்மா சொல்லியிருக்கிறார். அந்தக் கிருமி போகவே இல்லை. நாற்பது வருடம் நரம்பின் வேரில் படுத்துக் கிடந்து, காவல் ஓய்ந்த சமயம் பார்த்து எழுந்திருக்கிறது.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"வேணாம்."

"முகத்துல வந்திருக்குது."

"அதாம்மே வேணான்றேன். ஆஸ்பத்திரி போனா சீட்டு. சீட்டு டிப்போவுக்குப் போவும். கண்ணாண்ட வந்த வியாதின்னு மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவான். என்கொயரி நேரத்துல இது ஒண்ணு போதும், பேரை அடிச்சுடுவான். இன்னும் எட்டு நாளு. எட்டே நாளு. நீ எழுது."

"மொகத்துக்கு நான் எழுதறது இல்ல."

"ஊருக்கெல்லாம் எழுதுற. புருசனுக்கு மாட்டியா?"

அழுதுவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இவர் அழுது நான் பார்த்தது இவர் அம்மா செத்த அன்றைக்கு மட்டும்.

எழுதினேன். கண்ணுக்கு மேலேதானே இருக்கிறது, கண்ணில் இல்லையே. சொந்த வேலை என்று காரணம் போட்டு லீவு சொல்லிவிட்டார்.

செப்டம்பர் 15 – திங்கள்

காலை ஒன்பது மணி வரைக்கும் தூங்கினார்! நான் லேபுக்குப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அசையவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் கால் சும்மா இருந்தது.

எழுந்து இட்லி ஐந்து தின்றார். காய்ந்த காவி மேல் இன்னொரு தடவை எழுதும்போது மூக்கு நுனியில் புதிதாக ஒன்று பார்த்தேன், ஜவ்வரிசி அளவுக்கு. அதன் மேலேயும் எழுதினேன். சிங்கத்தின் வால் அங்கே போய் முடிந்தது. "மூக்குல வாலு உட்ட சிங்கம் நீ ஒருத்திதான் உடுவ" என்று சிரித்தார். இவர் சிரித்தே எத்தனை நாள்.

செப்டம்பர் 16 – செவ்வாய்

மெடிக்கல் ஷாப்பில் அக்கிக்கு மாத்திரை கேட்டேன். டாக்டர் சீட்டு இருந்தால் தருகிறேன் என்றான். சீட்டுதானே வேண்டாம் என்று வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார். திரும்பி வந்துவிட்டேன்.

மகள் ப்ரியா சித்தூர் ஹாஸ்டலிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். நர்சிங் இரண்டாம் வருடத்துக்கே எங்களுக்கெல்லாம் வாத்தியார்.

"நைனா, முகத்தைக் கிட்ட காட்டு. அம்மா, மூக்குல இன்னா அது?"

"காவிடி."

"கழுவிட்டுக் காட்டு."

"மூணு நாள் கழுவக் கூடாது, தெரியும்ல."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனோம். மாத்திரை குடுத்தாங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். இவ்வளவு சுலபமாகப் பொய் வருகிறது எனக்கு.

செப்டம்பர் 17 – புதன்

மூன்று நாள் முடிந்தது. கழுவ வேண்டும். "இன்னும் ரெண்டு நாளு எழுது கன்னிகா. சொகமா இருக்குது. ஒருத்தனும் போன் பண்ணல, ஒருத்தனும் கேள்வி கேக்கல" என்றார். நெற்றியில் கொப்புளம் வாடத் தொடங்கிவிட்டது. உடம்பு தளர்ந்தால் காவல் எழுந்துவிடும் என்று நான் நினைத்தது சரியாகப் போய்விட்டதே என்று உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட வந்தது. எழுதிவைக்கிறேன், மறைப்பானேன்.

இடது கண் கொஞ்சம் சிவந்து தண்ணீராக வடிகிறது. வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்லியே. நேத்து உறுத்திக்கினு இருந்துச்சு. இன்னிக்கு சில்லுனு இருக்குது" என்றார். காவியின் குளிர்ச்சி இறங்கியிருக்கும் என்று நினைத்தேன்.

கழுவாமல் அதன் மேலேயே மறுபடி எழுதினேன்.

செப்டம்பர் 19 – வெள்ளி

ப்ரியா சொல்லாமல் கொள்ளாமல் காலை பஸ்ஸில் வந்து நின்றாள். பையைக்கூட வைக்கவில்லை. சொம்பில் வெந்நீர் எடுத்து, துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். நான் "கழுவாதேடி" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது.

தண்ணீர் சிவப்பாக ஓடியது. மூக்கு நுனியில் பொருக்கு. கண் தக்காளிப் பழம்.

"நைனா, வலது கண்ணைப் பொத்திக்கோ. இது எத்தினி விரலு?"

"எங்க விரலு?"

மாத்திரை எங்கே என்று கேட்டாள். வாங்கவே இல்லை என்றேன். அதற்கு மேல் அவள் என்னோடு பேசவில்லை. ஆட்டோ கூப்பிட்டாள்.

கண் டாக்டர் கேட்டார், எத்தனை நாளாக? "மூணு" என்றேன். "ஆறு" என்றாள் ப்ரியா பின்னாலிருந்து. ஆறு என்று எழுதிக்கொண்டார்.

செப்டம்பர் 20 – சனி

சேர்த்திருக்கிறார்கள். ஊசி, சொட்டு மருந்து, மாத்திரை எல்லாம் ஓடுகிறது.

மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பின் கிளைதான் போகிறதாம். மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் வந்தால் கண்ணுக்கு வருகிறது என்று அர்த்தம். முதல் மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்திருந்தால் கண்ணைக் காப்பாற்றப் பெரும்பாலும் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

உடம்பு எனக்குச் சொல்லியிருக்கிறது. எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து, மூக்கின் நுனியில் வைத்துக் காட்டியிருக்கிறது. நான் அதன் மேல் சிங்கத்தின் வாலை எழுதினேன்.

செப்டம்பர் 22 – திங்கள்

என்கொயரி தள்ளிப்போனது. ஆஸ்பத்திரிச் சீட்டு டிப்போவுக்குப் போயாகிவிட்டது. எதற்காக ஒளித்தோமோ அது.

செப்டம்பர் 24 – புதன்

மலையில் கொடி ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி ஜன்னலில் மலைக்குப் போகும் அலிபிரி ரோடு தெரிகிறது. பஸ் போகிற ஒவ்வொரு தடவையும் எத்தனாவது கியரில் போகிறான் என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருக்கிறார், கண்ணில் கட்டோடு.

அக்டோபர் 8 – புதன்

இன்று டாக்டர் பஞ்சைத் திரித்து நூல் மாதிரி ஆக்கி, இவர் இடது கண்ணின் கருவிழியைத் தொட்டார். இமை ஆடவில்லை. மறுபடி தொட்டார். "இப்ப ஏதாச்சும் தெரியுதா?"

"தொட்டுட்டீங்களா?" என்று கேட்டார் இவர்.

நரம்பு செத்துவிட்டது. உணர்ச்சி இல்லாத கண்ணில் புண் ஆறாது, தூசி விழுந்தாலும் தெரியாது, வெளுத்துக்கொண்டே போகும் என்கிறார். ஆக, அன்றைக்கு இவர் சொன்ன சில்லு – அது காவி இல்லை. வலி போனது குணமாகி இல்லை. வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் இன்னா பண்ணேன்? பக்கத்துல உக்காந்துக்கினு, அய்யோ தூங்குறாரே தூங்குறாரேன்னு பாத்துக்கினு இருந்தேனே. ஒரு நாளு ஒரே ஒரு நாளு அந்த மொகத்தைக் கழுவி இருந்தா. தூக்கம் கெட்டுப் போவும்னு கழுவல. லேப்ல பதினேழு வருசம் இன்னாத்தைக் கிழிச்சேன்.

அக்டோபர் 11 – சனி

ரூபா மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

"தூங்க வையின்னு நீங்கதானே சொன்னீங்க" என்றேன். அநியாயம்தான். யார் மேலாவது கொஞ்சம் இறக்கிவைக்கப் பார்த்தேன்.

அவர் கோபப்படவில்லை. "தூக்கம் நல்லதுதான். அவர் நெத்திப் புண்ணு சீக்கிரம் காஞ்சதுக்கு அதுவும் உதவி பண்ணியிருக்கலாம், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா கன்னிகா, அது காவலைப் பலப்படுத்தறது. திருடன் உள்ள பூந்த அப்புறம் போலீஸையும் கூப்பிடணும். ரெண்டுல ஒண்ணு போதும்னு நீயா முடிவு பண்ணிட்ட."

டீ ஆறிப்போனது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அக்டோபர் 17 – வெள்ளி

டிப்போவிலிருந்து கடிதம். தெலுங்கில் இரண்டு பக்கம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. சேலத்து அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறார்: நான்தான் வண்டி ஓடும்போது எழுந்தேன், டிரைவர் தம்பி மேல் தப்பு இல்லை, என்னைத் தூக்கியது அவர்தான். எழுதிய தேதி செப்டம்பர் 3. இவருக்கு அக்கி வருவதற்குப் பதினொரு நாள் முன்னால். அந்தக் காகிதம் யார் மேஜையில் கிடந்ததோ.

மலைப் பணியில் உடனே சேரலாம் என்று கடைசி வரி.

இவர் வலது கண்ணால் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "நல்ல மனுசி" என்றார், சேலத்து அம்மாவை.

நவம்பர் 3 – திங்கள்

மெடிக்கல் போர்டு. இடது கண் பூராவும் வெளுத்துவிட்டது. எந்த வண்டியும் ஓட்டத் தகுதி இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. டிப்போவில் டீசல் அறையில் நோட்டு எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். குளிக்கும்போதுதான் கழற்றுகிறார், அதுவும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

நன்றாகத் தூங்குகிறார். இனிமேல் பயப்பட ஒன்றும் மிச்சம் இல்லை என்கிறார். தூங்காதவள் இப்போது நான். ஒரு மாதத்தில் இரண்டு தடவை ஜுரம், வாயெல்லாம் புண். என் லிம்போசைட்டைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

இவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 16 – ஞாயிறு

அக்கி எழுதிக்கொள்ள வருகிறவர்களிடம் மணிக்கட்டு வலி, எழுதுவதில்லை என்கிறேன். அதையே லேபிலும் சொல்லிவிட்டதால் ஒரு பட்டையும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேஷம் பூரணமாக இருக்க வேண்டாமா.

பக்கத்து வீட்டுக் கமலம்மா இன்று மாடியில் துணி உலர்த்திக்கொண்டே, "உன் கை பட்டும் அவரு கண்ணு போச்சுன்னா, அந்த நோவு எவ்ளோ கொடுமையா இருந்திருக்கணும்!" என்றாள். தெரு முழுக்க இதுதான் பேச்சு. சர்ப்பி – அக்கிக்குத் தெலுங்குப் பேர் – வந்து கண்ணைத் தின்றுவிட்டது, கன்னிகா ராப்பகலாகப் பார்த்தும் முடியவில்லை. என்னைப் பார்த்தால் பரிதாபப்படுகிறார்கள்.

ஆமாம் கமலம்மா, என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

நவம்பர் 29 – சனி

ப்ரியா போன். "நைனாகிட்ட குடு." இவரிடம் அரை மணி நேரம் பேசினாள்.

டிசம்பர் 7 – ஞாயிறு

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணிக்கு புத்தூர் பக்கத்திலிருந்து சுந்தரம்மா என்று ஒருத்தர், கூடவே அவர் புருஷன், தலையில் துண்டு. துண்டை எடுத்தால் வலது பக்கம் நெற்றி, புருவம், இமை. முந்தாநாள் வந்ததாம். மூக்கு நுனியைத்தான் முதலில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"கை வலி, எழுத்தை விட்டுட்டேன். ஒடனே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

"ஆஸ்பத்திரியில ஊசி போட்டா அக்கி உள்ளாரப் போயிடும்ன்றாங்களே. உங்க கை ராசின்னு கேட்டுத்தான் ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கினு இருக்கோம். நாலு கோடு போடுங்க, அது போதும்."

"போட மாட்டேன். நேரம் போவுது, கிளம்புங்க."

"ஊருக்கெல்லாம் எழுதுனீங்களே, எங்களுக்கு மட்டும் ஏன்? நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். எழுதாமல் நகர மாட்டேன் என்கிறார். அந்த ஆள் நெற்றியில் விசிறிக்கொண்டு நிற்கிறார். ஏன் எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரே வாக்கியம்தான் வேண்டும். அதை விட்டுவிட்டு, மணிக்கட்டுப் பட்டையைத் தடவிக்கொண்டு, "வலி, வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். அந்த ஆளுக்கு எதிரே போய் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தெரு வெளிச்சத்தில், வெளி ஆட்களுக்கு முன்னால்.

"பாருங்கண்ணா. நல்லாப் பாருங்க."

சுந்தரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "இன்னா ஆச்சுங்க?"

"உங்க வீட்டுக்காரருக்கு வந்ததேதான். ஆஸ்பத்திரிக்குப் போவல. ஆறு நாளு காவி பூசிக்கினு படுத்துக்கினு இருந்தேன். சொகமாத்தான் இருந்துச்சு."

"யாரு எழுதுனது?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

"இவதான் எழுதுனா. நான்தான் எழுதச் சொன்னேன்."

பக்கத்து மாடியில் கமலம்மா நனைந்த புடவையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். முதல் வாக்கியத்துக்காக இரண்டரை மாதம் காத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதை எதிர்பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே அழுதேன். ஒருவரும் என்னைத் தேற்றவில்லை, நல்லதாகப் போயிற்று.

எந்த கவுன்ட்டர், எந்த டாக்டர் என்று அவர்களுக்குத் தெரியாதென்று இவரே ஆட்டோவில் கூடப் போனார். கண்ணாடி மேஜை மேலேயே கிடந்தது. நான் மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார். மாத்திரை ஆரம்பித்துவிட்டார்களாம், கண்ணுக்கு ஒன்றும் இல்லையாம். காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"எம்மேல கோவம் இருக்குதா?"

தட்டை வாங்கித் தரையில் வைத்தார்.

"இருக்குது" என்றார். "சோறு போடு."

போட்டேன்.